சொர்ணவல்லி வைத்த ஒட்டு

காரைக்குடியில் ஈயம் வைக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டால், சொர்ணவல்லி என்று யோசிக்காமல் சொல்லித் திரிந்தவன் நான். அதனால் அவள் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய தப்பையும் நானே எழுதுவதுதான் முறை. வேறு யாராவது எழுதினால் தூக்கி வைத்து எழுதுவார்கள், இல்லையென்றால் தூற்றி எழுதுவார்கள். எனக்கு இரண்டும் ஆகாது. என் பெயர் அழகுசுந்தரம், ரேடியோ ரிப்பேர்க்காரன். கொஞ்சம் முன்கோபி என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் என்பது அவர்களுடைய மரியாதை.

சொர்ணவல்லி சிதம்பரம் பத்தரின் மகள். நகை வேலை செய்கிற வீடு. 1963இல் தங்கக் கட்டுப்பாடு வந்து, பதினாலு காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பதினாலு காரட்டில் தாலி செய்துகொள்ள எந்த வீட்டில் வருவார்கள்? பத்தர் உலையை மூடிவிட்டு உட்கார்ந்தார். மகள் உட்காரவில்லை. அப்போது அவளுக்கு இருபது வயது. ஒரு நாள் நேராக என் கடைக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, ஈயம் வைக்கிற வேலை இருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கழற்றிப் போட்ட ஒரு ரேடியோவை எடுத்து முன்னால் வைத்தேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். நான் வைத்திருந்த ஈயத்தைப் பார்த்தாள்.

"என்னண்ணே, இம்புட்டுப் பெரிய கட்டியா வச்சிருக்கீக. யானைக்குக் காப்பா செய்றீக?"

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் சூட்டுக்கோலைக் கையில் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் மூன்று ஒட்டு வைத்தாள். மூன்றும் எள்ளு அளவு, கம்பியைப் பிடித்து இழுத்தால் கம்பிதான் அறும். அன்றிலிருந்து அவள் என் கடையில் வேலை பார்த்தாள். பத்தர் வீட்டுப் பெண் கடைத்தெருவில் உட்கார்ந்து ரேடியோ நோண்டுகிறாளே என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். "பேசுறவக ரேடியோ கெட்டா எங்கிட்டத்தான் வரணும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். கலியாணம் ஆகி, கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்த குழந்தைவேலுவின் வீட்டுக்குப் போன பிறகும் வேலையை விடவில்லை. அவரும் நல்ல மனிதர், விடச் சொல்லவில்லை.

ஒட்டு வைத்த இடம் தெரியக் கூடாது என்பது அவள் கட்சி. அப்பாவிடம் படித்த பாடம். சங்கிலியில் கண்ணிகளை ஒட்டினால், ஒட்டின இடம் எது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் கிடைக்கக் கூடாது. ரேடியோவிலும் அப்படியே செய்தாள். உள்ளே கிடக்கிற ஒட்டை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் கேட்டால், "நான் பாத்துட்டேன்ல" என்பாள்.

1974இல் இராமநாதன் செட்டியார் மதராஸில் இன்ஜினியரிங் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் மின்கருவிப் பட்டறை ஆரம்பித்தார். என்னைச் சோதனை மேசையில் உட்கார வைத்தார். நான் வரும்போது சொர்ணவல்லியையும் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒட்டு வைக்க இன்னொரு ஆள் வேண்டும் என்று வேறு ஒருத்தியைச் சேர்த்தோம். அவள்தான் மலையம்மாள், ஆத்தங்குடிப் பக்கம். வீட்டில் எல்லோருக்கும் வயல் கூலி. இவள் பத்தாவது வரை படித்துவிட்டு, தரைக்கல் பட்டறையில் மணல் சலித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள் அவள்தான். அவளுக்குப் பேச்சு குறைவு, கை நிதானம். ஆனால் அவள் செய்த போர்டைத் திருப்பினால் ஒவ்வொரு ஒட்டைச் சுற்றியும் ஈயக் கம்பிக்குள் இருக்கிற பிசின் உருகி, பழுப்புத் திட்டாகக் காய்ந்து கிடக்கும். சொர்ணவல்லிக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"என்னடி இது, வெத்தலையைப் போட்டுத் துப்பி வச்ச மாதிரி?"

"ஒட்டு நல்லா இருக்குல்லக்கா" என்பாள் மலையம்மாள். அதோடு சரி.

1976 கோடையில் ஒரு பஞ்சாலையிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். பெயர் வேண்டாம். பஞ்சை நூலாக முறுக்குவதற்கு முன்னால் கயிறு கயிறாக இழுத்துச் சீராக்குகிற இயந்திரங்கள் அங்கே இருபத்து நாலு இருந்தன. பஞ்சுக் கயிறு இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே ஓடும். அது அறுந்துபோனால் உருளைகள் ஒன்றை ஒன்று தொடும். தொட்டதும் ஒரு துளி மின்சாரம் பாயும். அந்தத் துளியைக் கண்டுகொண்டு இயந்திரத்தை உடனே நிறுத்த வேண்டும், அதுதான் எங்கள் போர்டின் வேலை. வெளிநாட்டில் செய்ததை வாங்குவதற்குப் பதில் நாமே செய்துவிடலாம் என்று செட்டியார் துணிந்து ஒப்புக்கொண்டார்.

இருபத்து நாலு போர்டு. சொர்ணவல்லி பன்னிரண்டு, மலையம்மாள் பன்னிரண்டு. தாளைப் பிசினில் நனைத்து அழுத்தின பழுப்பு அட்டை, அதன் ஒரு முகத்தில் செம்புத் தகடு. வேண்டிய செம்பை விட்டுவிட்டு மீதியை மருந்தில் கரைத்து, துளை போட்டு, டிரான்சிஸ்டர்களைச் சொருகி ஒட்ட வேண்டும். ஆரம்பம் முதல் முடிவு வரை அவரவர் போர்டை அவரவரே செய்தார்கள். நான் ஒவ்வொன்றையும் மேசையில் வைத்துச் சோதித்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. மார்தட்டிக்கொண்டு அனுப்பி வைத்தோம்.

பத்தாம் நாள் பஞ்சாலை ஃபோர்மேன் சேவுகன் ஒரு பையில் நாலு போர்டோடு வந்துவிட்டார்.

"கயிறு அறுகாமலே மிஷின் நிக்கிது. சும்மா ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு நின்னுரும். ஓட்டி விட்டா மறுபடி ஓடும். என்ன சங்கதி?"

மேசையில் மாட்டினேன். பஞ்சும் எண்ணெயும் படிந்து நாலும் ஒரே அழுக்காக இருந்ததால், எது யார் கை வேலை என்று எனக்குப் பிடிபடவில்லை. நாலும் தங்கமாக வேலை செய்தன. ஒரு நாள் முழுக்க ஓட விட்டேன், நிற்கவில்லை. பென்சிலால் தட்டினேன், ஆட்டினேன், பக்கத்தில் பல்பைக் கொளுத்தி வைத்துச் சூடேற்றினேன். ஒவ்வொரு டிரான்சிஸ்டராக அளந்தேன். ஒரு குற்றமும் இல்லை. "எங்க போர்டு நல்லாத்தான் இருக்கு, உங்க மிஷினைப் பாருங்க" என்று திருப்பி அனுப்பினேன். அடுத்த வாரம் அதே போர்டுகளோடு வந்தார். மறுபடியும் மேசையில் ஒழுங்கு. மறுபடியும் அங்கே வம்பு. மூன்றாவது தடவை வந்தபோது சேவுகனுக்கும் எனக்கும் கைகலப்பு வராத குறை.

வேலையே செய்யாத போர்டு என்றால் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். எப்போதாவது மட்டும் தப்புகிற போர்டு இருக்கிறதே, அது நோயாளி மாதிரி. வைத்தியரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுவிடும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் பஞ்சாலையிலிருந்து கடிதம் வந்தது. பத்து நாளில் சரிசெய்யாவிட்டால் இருபத்து நாலையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று எழுதியிருந்தார்கள். செட்டியார் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். கூடுதலாகச் செய்து வைத்திருந்த போர்டுகளை மேசையில் பரப்பினார். சொர்ணவல்லியுடையது அப்போதுதான் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி மின்னியது. மலையம்மாளுடையது பழுப்புத் திட்டோடு இருந்தது.

"எப்பவாச்சும் தப்புதுன்னா ஒட்டுதான் காரணம்" என்றேன் நான். "மேல ஒட்டுன மாதிரி இருக்கும், உள்ளே ஒட்டியிருக்காது."

"ஒட்டுதான்னா யார் ஒட்டு?" என்றார் செட்டியார்.

சொர்ணவல்லி தயங்கவே இல்லை. "இந்தா, இந்த அழுக்குக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும் முதலாளி? சுத்தமா செஞ்சா எதுக்குத் தப்பப் போகுது?"

மலையம்மாள் என்னைப் பார்த்தாள். நான் போர்டைப் பார்த்தேன். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். அன்றைக்கு எங்கள் பட்டறையில் ஆண்டி யார் என்பதில் செட்டியாருக்கும் சொர்ணவல்லிக்கும் எனக்கும் சந்தேகமே வரவில்லை.

"சரி. சனிக்கிழமையோட இந்தப் புள்ளையை நிறுத்திருவோம்" என்றார் செட்டியார். அவர் கெட்டவர் இல்லை. பட்டறை மூழ்கிவிடுமோ என்று பயந்துபோயிருந்தார். "அவ செஞ்ச பன்னெண்டையும் சொர்ணம் திருப்பிச் செய்யட்டும்."

"நான் என்ன தப்புச் செஞ்சேன்னு சொல்லிட்டு நிறுத்துங்க முதலாளி" என்றாள் மலையம்மாள். செட்டியார் போர்டுகளை அடுக்கி உள்ளே எடுத்துப் போனார். அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து மறுபடியும் வேலையைப் பார்த்தாள்.

பஞ்சாலையில் எந்தெந்த போர்டு தப்புகிறது என்று தெரிந்தால்தானே மாற்ற முடியும்? வியாழக்கிழமை நான் போவதாக ஏற்பாடு. சொர்ணவல்லி தானும் வருவேன் என்று நின்றாள்.

"பெட்டியைத் திறந்தா எது யார் கை வேலைன்னு எனக்குத்தான் தெரியும். கையும் களவுமாப் பிடிச்சுட்டு வாரேன்."

விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து ஏழு மணிக்குப் பஞ்சாலைக்குள் நுழைந்தோம். உள்ளே போனதுமே சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. பஞ்சு உலர்ந்தால் அறுந்துபோகும் என்று கூரையிலிருந்து குழாய் வழியாக நீர்த்திவலையை ஊதிக்கொண்டே இருப்பார்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எனக்குக் கை ஓய்ந்தது. இதைக் கண்ணால் பார்த்தும் புத்தியில் ஏறவில்லையே என்று இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்வது உண்டு.

ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த இயந்திரம் சும்மா நிற்கிறது என்று எண்ணைக் குறித்துக்கொண்டேன். மத்தியானம் இரண்டு மணிக்குள் ஒன்பது இயந்திரங்கள் நின்றன. சில இரண்டு தடவை, ஒன்று ஐந்து தடவை. வேலை மாறுகிற நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சேவுகன் ஒவ்வொரு பெட்டியாகத் திருகு கழற்றிக் கொடுக்க, சொர்ணவல்லி என் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துப் போனாள். நான் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கடைசிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். போர்டை வாயருகே வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் கீழே இறக்கினாள்.

"பாத்தாச்சா?" என்றேன்.

"பாத்தாச்சு" என்றாள்.

"அவளோடதுதானே?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்கண்ணே."

பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசுகிறவள் அன்றைக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணே, நம்ம போர்டு அட்டை தண்ணி குடிக்குமா?"

"அட்டைன்னா குடிக்காம என்ன செய்யும்? அதான் மருந்துல போட்டெடுத்ததும் கழுவிட்டுக் காய வைக்கிறோம்ல. தூங்கவிடு" என்று எரிந்து விழுந்தேன். சரியான கேள்வி என் மடியில் வந்து விழுந்தது, தட்டிவிட்டுத் தூங்கியவன் நான்.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. பதிமூன்று வருஷத்தில் பிரசவத்துக்குத் தவிர நின்றதில்லை. எனக்குக் கோபம். பன்னிரண்டு போர்டு திருப்பிச் செய்ய வேண்டிய நேரத்தில் இது என்ன கூத்து என்று கத்தினேன். மலையம்மாள் மட்டும், "உடம்பு சரியில்லையோ என்னமோ" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் செட்டியார் மலையம்மாளின் கணக்கை முடித்த சம்பளக் கவரோடு வெளியே வந்தார். மலையம்மாள் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து, தன்னுடைய இடுக்கியைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். கடைசி பஸ் வரைக்கும் காத்திருக்க அவளுக்கு மனமில்லை, மூன்று மணி பஸ்ஸுக்கே கிளம்பத் தயாராக இருந்தாள். அப்போதுதான் சொர்ணவல்லி உள்ளே வந்தாள். ஒரு கையில் பம்ப் ஸ்டவ், இன்னொரு கையில் வாய் குறுகின செம்பு. கண் வீங்கியிருந்தது.

"முதலாளி, கவரைக் குடுக்காதீக. அஞ்சு நிமிஷம் பொறுங்க."

ஸ்டவ்வைப் பற்றவைத்துச் செம்பில் தண்ணீரைக் கொதிக்க விட்டாள். கூடுதலாகச் செய்த போர்டுகளில் மலையம்மாளுடையது ஒன்று, தன்னுடையது ஒன்று எடுத்து என்னிடம் நீட்டினாள். "மேசையில மாட்டுங்கண்ணே. ரெண்டையும்."

மாட்டினேன். இரண்டும் ஒழுங்காக இருந்தன. இயந்திரத்துக்குப் பதில் என் மேசையில் சிவப்பு பல்பு இருந்தது. போர்டு நிறுத்தச் சொன்னால் அது எரியும். கம்பியோடு மலையம்மாளின் போர்டைப் பிடித்து, செம்புக்கு ஒரு முழம் மேலே ஆவியில் காட்டினாள். லேசாக வியர்க்கிற அளவுக்குத்தான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பல்பு எரியவில்லை. பிறகு தன்னுடையதை அதே உயரத்தில் பிடித்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை, சிவப்பு எரிந்தது. ஆவியை விட்டு விலக்கி விசிறினாள், அணைந்தது. திரும்பக் காட்டினாள், எரிந்தது.

மூன்று வாரம் பேயாய் அலைந்து தேடின நோய் என் கண்முன்னே வந்து போய்க்கொண்டிருந்தது.

"பஞ்சாலையில நின்ன ஒம்பதும் என்னோடது" என்றாள் சொர்ணவல்லி. "இவளோடது பன்னெண்டுல ஒண்ணுகூட நிக்கல. நான் போர்டைப் புளித்தண்ணியில கழுவுனேன் முதலாளி."

"புளியா?" என்றார் செட்டியார்.

அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஒட்டு வைத்த நகையைப் புளியும் உப்பும் கரைத்த தண்ணீரில் காய்ச்சி எடுத்து, பூந்திக்கொட்டை நுரையில் துலக்குவது பத்தர் வீட்டு வழக்கம். கருப்பெல்லாம் போய்ச் செம்பு, தங்கம் எல்லாம் கண்ணைப் பறிக்கும். போர்டில் பிசின் திட்டைப் பார்க்கச் சகிக்காமல் அவள் அதே வேலையைச் செய்திருக்கிறாள். கொட்டகைக்குப் பின்னால், சூடில்லாத புளித்தண்ணீரில் முக்கி, துலக்கி, அலசி, வெயிலில் காய வைத்து. கழுவினது போதுமா என்று அறிய, அப்பா செய்கிற மாதிரியே நாக்கில் வைத்துப் பார்ப்பாள். புளித்தால் மறுபடி அலச வேண்டும், சப்பென்று இருந்தால் சுத்தம். செம்பு முகத்தை நாக்கில் வைத்தாள். சப்பென்று இருந்தது.

"தங்கம் தண்ணி குடிக்காது. அட்டை குடிக்கும். அது எனக்குத் தோணல" என்றாள். "தொளைக்குள்ளயும் ஓரத்துலயும் புளியும் உப்பும் போயி உக்காந்துருச்சு. நம்ம கொட்டகை வெக்கையில அது சும்மா கெடக்கும். அங்குட்டு ஈரக்காத்துல நனைஞ்சதும் கரண்ட் அது வழியாக் கசியுது. உருளை தொட்டுருச்சுன்னு போர்டு நெனைச்சுக்குது. அங்க ஒரு போர்டை ஓரத்துல நாக்கை வச்சுப் பாத்தேன். ஊறுகா மாதிரி இருந்துச்சு."

மலையம்மாள் கழுவாமல் விட்ட பிசின்தான் அவள் போர்டை ஈரத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறது. நாங்கள் அழுக்கு என்று சொன்னது கவசம்.

செட்டியார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மூன்று வாரத்துப் பயம் ஒரேயடியாக இறங்கின சிரிப்பு. "ஆத்தா, போயும் போயும் புளியா நம்மளக் கவுத்துச்சு? ரசத்துக்கு வச்சிருந்த புளியா?" எனக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. காரணம் கிடைத்துவிட்டால் ரிப்பேர்க்காரனுக்கு உலகமே இனிக்கும். "விடு சொர்ணம், தெரியாமச் செஞ்சது. திங்கக்கிழமையிலருந்து புளியை நிறுத்திருவோம்" என்றார் செட்டியார்.

மலையம்மாள் சிரிக்கவில்லை. இடுக்கி சுற்றின துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"முதலாளி, என் போர்டு கெட்டுச்சுன்னு நெனைச்சப்ப, என்னை நிறுத்தணும்னு சொன்னீக. அக்கா போர்டு கெட்டுச்சுன்னு தெரிஞ்சப்ப, புளியை நிறுத்தணும்னு சொல்றீக."

செட்டியாரின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு யாரோ பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. அறைந்தது சரிதான் என்பதும் உடனே தெரிந்தது.

முதலில் பேசினவள் சொர்ணவல்லி. "அவ சொல்றது நெசம் முதலாளி. புளி தானா வந்து போர்டுல ஏறல, நான் ஏத்துனேன். அழுக்குன்னு இவளைக் காட்டிக் குடுத்ததும் நான்தான். நேத்து பூராம் வீட்டுல உக்காந்து என்ன நெனைச்சேன்னு சொல்லவா? இவ போகட்டும், என் பன்னெண்டை நானே பைய மாத்திருவோம், யாருக்குத் தெரியப்போகுதுன்னு நெனைச்சேன். பெட்டியைத் திறந்து பாத்தது நான் மட்டுந்தானே. விடிய விடிய அதே நெனப்பு."

சொல்லிவிட்டு மலையம்மாள் பக்கம் திரும்பினாள். அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் வார்த்தை குழறவில்லை. "இனிமே நான் செய்ற போர்டை நீ பாத்து, சரின்னு சொன்னாத்தான் பெட்டியில போகணும். நான் முதலாளி முன்னால சொல்றேன். நீ சரியில்லைன்னு சொன்னா அது குப்பை."

"தப்புத்தான் மலையம்மா" என்றார் செட்டியார். கவரை நீட்டாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நானும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்ணே, அன்னைக்கே போர்டைத்தான் பாத்துக்கிட்டு இருந்தீக" என்றாள் மலையம்மாள். பேசாதவள் பேசினால் இப்படித்தான்.

"வாரதா வேணாமான்னு வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். இடுக்கியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சொர்ணவல்லி தன் பன்னிரண்டு போர்டையும் கழற்றி வரச் சேவுகனுக்கு ஆள் அனுப்பினாள். திங்கட்கிழமை காலை அவள்தான் முதலில் வந்தாள். மணி எட்டரை, ஒன்பது ஆனது. மலையம்மாளின் முக்காலி காலியாகவே இருந்தது. சொர்ணவல்லி வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். நான் முன்கோபக்காரன்தான், ஆனாலும் அன்றைக்கு நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பதே காலுக்கு மலையம்மாள் உள்ளே வந்தாள். பஸ் பஞ்சராம். தூக்குவாளியை ஆணியில் மாட்டி, துணியைப் பிரித்து இடுக்கியை மேசையில் வைத்தாள்.

"எந்தப் போர்டுக்கா முதல்ல?"

கழற்றி வந்த பன்னிரண்டையும் வெந்நீரில் ஏழெட்டுத் தடவை அலசி, மூன்று நாள் வெயிலில் காய வைத்து, கதவுக்குப் பூசுகிற அரக்கு பாலிஷை இரண்டு பூச்சு கொடுத்தோம். அரக்கு யோசனை சொர்ணவல்லியுடையது, நகைக்கு உள்ளே அரக்கு நிரப்பின கை அல்லவா. ஒவ்வொன்றையும் கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் காட்டிப் பார்த்தோம். அதில் நாலுக்கு மறுபடி சிவப்பு எரிந்தது. மலையம்மாள் தயங்காமல் அவற்றைத் தனியாக எடுத்து வைத்தாள். "இது வேணாம்கா." சொர்ணவல்லி நாலையும் புதிதாகச் செய்தாள். இந்தத் தடவை ஒட்டைச் சுற்றிப் பிசின் பழுப்புத் திட்டாக நின்றது. அதைப் பார்க்கிறபோது அவளுக்குப் பல் கூசியிருக்கும். கையை வைக்கவில்லை.

கடிதம் வந்த ஒன்பதாம் நாள் போர்டுகளைப் பஞ்சாலையில் மாட்டினோம். நானே போய் ஒரு நாள் முழுக்க அந்த ஈரத்தில் உட்கார்ந்திருந்தேன். கயிறு அறுந்து நின்றது மூன்று தடவை. சும்மா ஒரு தடவைகூட நிற்கவில்லை. சேவுகன் எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருஷம் அதே பஞ்சாலை இன்னும் முப்பது கேட்டது.

சொர்ணவல்லி அந்தப் பட்டறையில் பிறகும் பல வருஷம் வேலை பார்த்தாள். இன்றைக்கும் காரைக்குடியில் ஈயம் வைக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டால் அவள் பெயரைத்தான் சொல்வேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை சொன்ன வார்த்தையை ஒரு நாள்கூட மீறவில்லை. எத்தனை போர்டு செய்தாலும் எடுத்துக்கொண்டு மலையம்மாளின் மேசைக்குப் போவாள். செட்டியாரே அவசரம் என்று கேட்டாலும், "மலையம்மா பாக்கல இன்னும்" என்பாள். மலையம்மாள் ஆவியில் காட்டிப் பார்ப்பாள். அதோடு விடமாட்டாள், துளை ஓரத்தை நாக்கு நுனியில் வைத்தும் பார்ப்பாள். பட்டறைக்குள் புளி வந்தே மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"இப்பத்தான் புளியே இல்லையேடி. எதுக்கு நாக்குல வைக்கிற?" என்று 1979இல் ஒரு நாள் சொர்ணவல்லி கேட்டாள்.

"அழகு கெட்டிருச்சுன்னு உங்களுக்கு என்னைக்காச்சும் கை துறுதுறுங்கும்ல. அதுக்குத்தான்" என்றாள் மலையம்மாள்.

சொர்ணவல்லி சிரித்துவிட்டாள். சிரித்தாலும் கையை நீட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள், சொல்லாமல் போகக் கூடாது என்பது போல. மலையம்மாள் போர்டைத் திருப்பி இன்னொரு ஓரத்தையும் நாக்கில் வைத்தாள். அவசரப்படவில்லை.

"சப்புன்னு இருக்கு" என்றாள். "பெட்டியில போடுங்கக்கா."